சேறு வந்த வழி

நவம்பர் 19

காலை பதினோரு மணிக்குச் சிப்பிமுனை வந்து சேர்ந்தேன். தங்குவதற்கு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் மாடியறை. சோதனைக்கூடத்துக்கு, மூடிக் கிடக்கும் ஐஸ் பேக்டரியின் பின்கட்டு. அறையில் மின்விசிறி சுற்றுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை. சாயங்காலம் ஆள் வருவாராம். பின்கட்டில் ஜன்னல் கிடையாது. எனக்கு அதுதான் வசதி. புற ஊதா விளக்கைப் பகலிலேயே போட்டுப் பார்க்கலாம்.

வந்த வேலையை ஒரு முறை எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் சங்கு குளிக்கும் கடலடி நிலத்துக்குச் சங்குப் பார் என்று பெயர். பதினாறு மீட்டர் ஆழம். சில ஆண்டுகளாக அதன்மேல் சேறு படிகிறது. சங்கு குறைந்துவிட்டது. இறங்குகிறவர்களுக்குக் கண் தெரிவதில்லை. வடக்கே இருக்கும் நெடுந்துறைத் துறைமுகம் தூர்வாரிக் கடலில் கொட்டும் சேறுதான் அது என்பது ஊரின் புகார். அதற்கும் வடக்கே உள்ள ஆறு வெள்ளத்தில் கொண்டுவரும் வண்டல் என்பது துறைமுகத்தின் பதில். பிப்ரவரியில் இரண்டாம் கட்டத் தூர்வாரல் தொடங்குகிறது, முன்பு கொட்டியதைப் போல மூன்று மடங்கு. அதற்கு முன், ஜனவரி 18 அன்று, சார் ஆட்சியர் முன்னால் விசாரணை. அன்றைக்குள் எங்கள் கடல் ஆய்வு மையம் சொல்லியாக வேண்டும், சேறு எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று.

கொட்டுமிடத்தைத் தேர்ந்துகொடுத்தது எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் அறிக்கை. அதுவும் எங்கள் மையத்துடையதுதான். அங்கே கொட்டினால் நீரோட்டம் சேற்றை வடகிழக்கே ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று அப்போதைய குழு முடிவு செய்திருந்தது.

நவம்பர் 21

படகுக்காரர் பெர்க்மான்ஸ். ஐம்பது வயது. முன்பு சங்கு குளித்தவர். தேவைப்பட்டால் இப்போதும், வள்ளத்திலிருந்து காற்று தரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார். என்னைப் பார்த்ததும், "கொஞ்சம் மெலிஞ்சிட்டீங்க மேடம்" என்றார். பயண அலுப்பு என்றேன்.

பகலில் டெல்மா வந்தாள். சங்கு குளிப்போர் சங்கத்தின் செயலாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒங்களுக்கு முன்னாடி மூணு கமிட்டி வந்துட்டுப் போயிருக்கு மேடம். எல்லாரும் பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டுப் போனாங்க. நீங்க என்ன புடிக்கப் போறீங்க?"

விளக்கினேன். பச்சை நிறத்தில் ஒரு பொடி. ஒவ்வொரு துகளும் துறைமுகச் சேற்றின் துகள் அளவே இருக்கும், அதே கனம் இருக்கும். சேறு எப்படி நகருமோ அப்படியே நகரும். புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும், காந்தத்திலும் ஒட்டும். கொட்டுமிடத்தில் கடலடியில் அதை விடுவோம். எட்டு இடங்களில் காந்தம் கட்டித் தொங்கவிடுவோம். எந்தக் காந்தத்தில் பச்சை வந்து ஒட்டுகிறதோ அந்த வழியாகத்தான் சேறு போகிறது.

கவனமாகக் கேட்டாள். "ஏழாம் நம்பர் காந்தம் எங்க பார்லயா?"

"ஆமா."

"அங்கதான் என் தம்பி ரெமி செத்தான். சேத்துக்குள்ள குழாய் மாட்டிக்கிச்சு. சொந்தக் கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சிட்டாங்க. ஜனவரி ஒம்பது."

எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 22

வெறும் காந்தங்களை எட்டு இடத்திலும் இறக்கினோம். பொடி விடுவதற்கு முன் கடலில் பச்சையாக எதுவும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். ஒரு வாரம்.

நவம்பர் 29

வெறும் காந்தங்களில் கருமணல் மட்டும்தான். நல்லது.

இன்று பொடியை விட்டோம். நானூறு கிலோ. அது தண்ணீரில் ஒட்டாமல் மிதக்கும் சாதி. சோப்புத் தண்ணீரில் குழைத்தால்தான் மூழ்கும். காலை ஆறிலிருந்து வள்ளத்திலேயே பீப்பாய்களில் குழைத்தோம், முழங்கை வரை பச்சை. கொட்டுமிடத்தில் இருபத்து நான்கு மீட்டர். பைகளை அடிவரை இறக்கிக் கயிற்றைச் சுண்டினால் வாய் திறந்துகொள்ளும். பதினாறு பைகள். கடைசிப் பையின் கயிறு சிக்கிக்கொண்டது. பெர்க்மான்ஸ் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்.

திரும்பும்போது அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இன்னும் நீவாடு திரும்பல. வாட பலத்தாத்தான் திரும்பும்." நீவாடு என்பது இவர்கள் பேச்சில் நீரோட்டம், வாட என்பது வடக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று. "திரும்புச்சுன்னா தெக்கதான் போவும். நம்ம பாருக்கு நேரா."

"பார்ப்போம்" என்றேன்.

"பாத்ததுதான மேடம்" என்றார். 

டிசம்பர் 2

சங்குப் பாரிலிருந்து சேற்றுக் குழாய்கள் மூன்று எடுத்துவந்தோம். பிளாஸ்டிக் குழாயைக் கடலடியில் அடித்து இறக்கி, மூடி, பிடுங்குவது. மதியம் அவற்றை நீளவாக்கில் அறுத்தபோது டெல்மா கூட இருந்தாள்.

அடியில் வெண்மணலும் சங்கு உடைசல்களும். மேலே இருபத்திரண்டு சென்டிமீட்டர் சாம்பல்நிறச் சேறு. இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. மெல்ல மெல்ல மாறியிருந்தால் கோடு இருக்காது.

நுண்ணோக்கியில் பார்த்தேன். ஆற்று வண்டலில் காக்காப்பொன் மினுக்கும், நிறமும் பழுப்பாக இருக்கும். இந்தச் சேற்றில் அது அரிதாகவே இருந்தது. அதற்குப் பதிலாகக் கடுகைவிடச் சிறிய வெள்ளை நத்தை ஓடுகள். திறந்த கடலில் வாழாத நத்தை, உப்பங்கழியில் வாழ்வது. நெடுந்துறைத் துறைமுகம் இருக்குமிடம் ஒரு காலத்தில் உப்பங்கழி.

"இந்தக் கோடு எந்த வருஷத்துக் கோடு மேடம்?"

"கணக்குப் போடணும்" என்றேன். கணக்குப் போட ஒன்றுமில்லை. கொட்டத் தொடங்கிய ஆண்டு எல்லோருக்கும் தெரியும்.

நத்தை ஓடு சேறு எங்கே பிறந்தது என்று சொல்லிவிட்டது. எந்த வழியில் வந்தது என்பதைப் பொடிதான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 6

டெல்மா ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பழைய அறிக்கை. முகப்பும் கையெழுத்துப் பக்கமும் கொடுக்கப்படவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"டிசம்பர், ஜனவரி நீரோட்டம் அளந்ததாப் போட்டிருக்கு. காலேஜ் வாத்தியார் ஒருத்தர்ட்ட குடுத்துப் படிச்சுக் கேட்டேன். அந்த வருஷம் டிசம்பர்ல இங்க யாரு வந்து அளந்தா?"

"நீரோட்ட மீட்டர் கடலடியில இருக்கும். அதுவா அளந்துக்கும். ஆள் நிக்கணும்னு இல்ல."

"எடுக்கவாவது ஆள் வரணும்லா?"

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இத எழுதுனது யாரு மேடம்?"

"அப்போ இருந்த குழு. இப்போ அவங்க யாரும் மையத்துல இல்ல."

பெர்க்மான்ஸ் வாசலில் உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

டிசம்பர் 7

துணி துவைத்தேன். வீட்டிலிருந்து என் கணவர் சிதம்பரம் போன் செய்தார். வாஷிங் மெஷினுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனானாம், மோட்டார் போய்விட்டதாம். "உன் குரல் சரியில்லையே" என்றார். வாடைக் காற்று என்றேன்.

டிசம்பர் 14

இரண்டு நாளாக வாடை பலமாக அடிக்கிறது. இன்று காந்தங்களை மாற்றினோம். வடக்கே இருக்கும் ஒன்று, இரண்டு, மூன்றில் பச்சை மிகக் குறைவு. நான்காவது கொட்டுமிடத்துக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர். அதில் 212 துகள்.

விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டு எண்ணினேன். 212.

டிசம்பர் 21

நான்காவதில் 890. ஐந்தாவதில் 344. நேராகத் தெற்கே, சங்குப் பாரை நோக்கி. இந்த முறை கடலடியில் வைத்த நீரோட்ட மீட்டரும் அதையே சொல்கிறது. அடிநீரோட்டம் பத்து நாளாகத் தெற்கே.

இயக்குநர் சேதுராமனுக்கு எண்களை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"ஆறு, ஏழு வரட்டும். அதுவரைக்கும் யாருக்கும் அனுப்பாதீங்க உமையாள். பழைய அறிக்கையோட முரண்படற மாதிரி எதுவும் எழுத்துல இருக்க வேண்டாம்."

"எண்ணே முரண்படுது சார்."

"அதான் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் 25

பூசை முடிந்து டெல்மாவின் அம்மா கலகலாவும் அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கூடத்தில் ரெமியின் படம். இருபத்தொன்பது வயது. வெளியே செருப்பை விட்ட இடத்திலேயே நின்று பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே வரச் சொன்னார்கள். கண்ணில் தூசி என்று சொன்னேன்.

டிசம்பர் 29

ஆறாவதில் 610. இனி ஏழாவதுதான் பாக்கி. ஏழாவதின் மிதவை காணவில்லை. யாருடைய வலையிலோ மாட்டி அறுந்திருக்கும். காந்தம் அடியில்தான் கிடக்கும். ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

கடல் கொந்தளிப்பு அடங்கட்டும் என்று பெர்க்மான்ஸ் சொல்கிறார். விசாரணைக்கு இருபது நாள் இருக்கிறது.

ஜனவரி 4

 வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை எட்டரைக்கு சங்குப் பாருக்கு மேல் நங்கூரம் போட்டோம். நான், பெர்க்மான்ஸ், கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள அவருடைய மைத்துனர் சூசை. கடல் மேலே அமைதியாகத்தான் இருந்தது. நிறம் சரியில்லை. பெர்க்மான்ஸ் கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் மங்கலாயின.

"நாளைக்குப் பாக்கலாமா?" என்றேன். அப்படித்தான் கேட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நாளைக்கும் இப்பிடித்தான் இருக்கும்" என்று இறங்கிவிட்டார். இடுப்பில் கயிறு. ஒரு இழுப்பு என்றால் சரி, மூன்று இழுப்பு என்றால் தூக்கு.

நான்காவது நிமிடம் ஒரு இழுப்பு. எட்டாவது நிமிடம் ஒரு இழுப்பு. அதன்பின் இல்லை. பன்னிரண்டாவது நிமிடம் நான் ஒருமுறை இழுத்தேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தபோது கயிறு கல்லில் கட்டியது போல இறுகி நின்றது. சூசை கம்ப்ரசரை விட்டு ஓடிவந்து பிடித்தார். இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை. குழாயும் அசையவில்லை. கம்ப்ரசரின் சத்தம் மாறியது, எங்கோ காற்று அடைபட்டுத் திணறுகிற சத்தம்.

சூசை கத்தினார். "மாட்டிக்கிட்டாரு! அத்தான் மாட்டிக்கிட்டாரு மேடம்!"

எனக்கு நீந்தத் தெரியும். அந்த நிறத் தண்ணீரில் பதினாறு மீட்டர் இறங்கத் தெரியாது. சூசை சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் இறங்கினால் கம்ப்ரசரை யார் பார்ப்பது? நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது அப்போது தெரியவில்லை.

ஐம்பது அறுபது அடி தள்ளி ஒரு தலை மேலே வந்தது. குழாய் இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. இரண்டையும் கத்தியால் அறுத்துவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார். வள்ளத்தைக் கிட்டே கொண்டுபோய்த் தூக்கினோம். வாயிலிருந்து ரத்த நுரை. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

கரைக்கு நாற்பது நிமிடம். அவர் தலை என் மடியில். மூச்சு விடுகிறாரா என்று நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கருகே கை வைத்தேன்.

மருத்துவமனையில் சட்டையைக் கத்தரித்தபோது இடுப்பு மடிப்பிலிருந்து ஏதோ கீழே விழுந்தது. ஏழாம் நம்பர் காந்தம்.

ஜனவரி 5

நுரையீரலில் கிழிசல். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். இனி ஆழத்தில் இறங்கக் கூடாது.

அவர் மனைவி வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறார். என்னைத் திட்டவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

ஜனவரி 7

பெர்க்மான்ஸ் இன்று பேசினார். துண்டு துண்டாக, நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு.

"கையே தெரியல மேடம். மேல எது, கீழ எதுன்னு தெரியல. கயிறு கல்லுல ரெண்டு சுத்து சுத்திட்டு. ரெமிக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும். அவன்ட்ட கத்தி இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "அன்னைக்கு டெல்மா கேட்டப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

"எத?"

"அறிக்கைய எழுதுனது யாருன்னு."

கூரையைப் பார்த்தபடியே பேசினார். "அந்த வருசம் கார்த்திகையில பொயல்ல மீட்டர் போச்சு. ரெண்டு நாளு நம்ம வள்ளத்துலதான தேடுனோம். வள்ளத்துல ஒக்காந்து அழுதீங்க. டிசம்பர்ல அளக்கலன்னு எனக்குத் தெரியாதா? நாந்தான் அப்பமே சொன்னேன்லா, வாடையில தெக்க திரும்பும்னு."

"சொன்னீங்க."

"டெல்மாட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா ஊருல உங்கள வச்சிருக்க மாட்டாங்க. பொடி பாதிக் கடல்ல கெடக்கு. வேற யாரு வந்து எண்ணுவா?" இருமினார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஏழாம் நம்பர் எண்ணியாச்சா?"

"இல்ல."

"போய் எண்ணுங்க."

அப்போதைய குழு என்று இந்த நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். குழுவில் ஒருவர்தான் இருந்தார். நான்.

ஜனவரி 8

ஏழாம் நம்பர் காந்தம். 1,346 துகள். மூன்று முறை எண்ணினேன்.

ஜனவரி 11

சேதுராமன் நேரிலேயே வந்துவிட்டார். ஐஸ் பேக்டரிப் பின்கட்டில் நாற்காலி ஒன்றுதான். அவர் உட்கார்ந்தார், நான் மேசையில் சாய்ந்து நின்றேன். எண்களைப் பார்த்தார், சேற்றுக் குழாய்களைப் பார்த்தார், நத்தை ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல விஞ்ஞானி. ஒன்றையும் மறுக்கவில்லை.

"கொட்டற சேறுதான் வருது. அதை எழுதுங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றார். "கூட ஒரு வரி. கடந்த எட்டு வருஷத்துல குளிர்கால நீரோட்டம் திசை மாறியிருக்கலாம். பருவநிலை மாற்றம். யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ஊருக்கும் நியாயம் கிடைச்சுடும், மையத்துக்கும் பேர் கெடாது."

"மாறல சார். எப்பவும் இப்படித்தான்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்."

"அன்னைக்கு நீங்கதான் எழுதச் சொன்னீங்க."

கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. "மீட்டர் போச்சுன்னு வந்து நின்னீங்க. பக்கத்துக் கரையோட எண்ணை வச்சு 'கணிப்பு'ன்னு எழுதச் சொன்னேன். அதுவே தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா 'அளவிடப்பட்டது'ன்னு போட்டது நீங்க. நான் அதைப் படிக்காம கையெழுத்துப் போட்டேன்."

உண்மைதான். கணிப்பு என்று போட்டால் துறைமுகம் ஏற்காது, ஓர் ஆண்டு தள்ளிப்போகும், அந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்காது. ஒரு சொல்லை மாற்றினேன். அதை எழுதிய மதியம் வெயில் அடித்தது, கேன்டீனில் புளியோதரை போட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

"யோசிங்க" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். "உங்களுக்கு இன்னும் பதினாலு வருஷ சர்வீஸ் இருக்கு."

ஜனவரி 13

பொங்கலுக்கு வருவாயா என்று சிதம்பரம் கேட்டார். இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு ஆண்டில் முதல் முறை.  "ரெமிங்கற பேரோட ஒரு நியூஸ்பேப்பர் துண்டு உன் பீரோவுல பாத்தேன். யாரோ தெரிஞ்சவங்கன்னு நினைச்சேன்" என்றார்.

ஜனவரி 16

அறிக்கையை எழுதிவிட்டேன். இரண்டு பிரதிகள். ஒன்றில் சேதுராமன் சொன்ன வரி இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டும் பையில் இருக்கின்றன.

ஜனவரி 18

விசாரணை மூன்றரை மணிக்குத் தொடங்கியது. கூடம் நிறைந்திருந்தது. ஊரிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. டெல்மா இரண்டாம் வரிசையில். சார் ஆட்சியர் இளம் பெண், எல்லாவற்றையும் தானே குறித்துக்கொண்டார்.

வரி இல்லாத பிரதியைக் கொடுத்தேன். படம் போட்டு விளக்கினேன். கொட்டுமிடம், நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. பச்சைப் புள்ளிகள் தெற்கே இறங்கிச் சங்குப் பாரில் குவிவதைப் பார்த்ததும் கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அத்துடன் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிந்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன். இல்லாவிட்டால் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

துறைமுகத்தின் தலைமைப் பொறியாளர் எழுந்தார். மரியாதையான மனிதர்.

"இந்த ஆய்வை நாங்க மதிக்கிறோம். ஆனா இதே மையம் எட்டு வருஷம் முன்னாடி டிசம்பர், ஜனவரி நீரோட்டத்தை அளந்து, வடகிழக்கே போகுதுன்னு சொன்னது. அதை நம்பித்தான் கொட்டினோம். அப்படின்னா நடுவுல நீரோட்டம் மாறியிருக்கு. மறுபடியும் மாறலாம். ஒரே ஒரு பருவத்து ஆய்வை வச்சு இரண்டாம் கட்டத்தை நிறுத்தறது நியாயமில்ல."

சார் ஆட்சியர் என் பக்கம் திரும்பினார். "நீரோட்டம் மாறியிருக்கா மேடம்?"

மேசைமேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைத் திறந்தேன், குடிக்கவில்லை.

"இல்ல."

"அப்போ பழைய அளவீடு?"

"அப்படி ஒண்ணு இல்ல. மீட்டர் நவம்பர் புயல்லயே தொலைஞ்சுபோச்சு. டிசம்பர்லயும் ஜனவரியிலயும் யாரும் எதுவும் அளக்கல. அளந்ததா எழுதப்பட்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது நான்."

முன்வரிசையில் இருந்த சேதுராமன் கண்களை மூடிக்கொண்டார். பொறியாளர் நின்றபடியே இருந்தார், உட்கார மறந்துவிட்டார் போல. பின்வரிசையில் யாரோ ஒருவர் எழுந்து என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சார் ஆட்சியர் அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் டெல்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பழைய அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு உத்தரவு. அந்த இடத்தில் இனி ஒரு பிடி சேறும் கொட்டக் கூடாது. ஓர் ஆண்டு முழுக்க, எல்லாப் பருவத்திலும் நீரோட்டம் அளந்த பிறகே புதிய இடம். அதுவரை இரண்டாம் கட்டம் கிடையாது. அந்த அளவீட்டில் எங்கள் மையம் இருக்கக் கூடாது.

வெளியே வந்தபோது வேன்கள் போய்விட்டிருந்தன.

ஜனவரி 20

பணியிடை நீக்க உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. மூன்று வரி. சேதுராமன் மீதும் விசாரணையாம். நுண்ணோக்கியையும் விளக்கையும் பெட்டியில் கட்டிவைத்தேன். மையத்திலிருந்து வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். அறையை மாத முடிவு வரை வைத்துக்கொள்ளச் சங்கத்தில் சொன்னார்கள். சொன்னவர் முகம் கொடுக்கவில்லை.

ஜனவரி 26

பெர்க்மான்ஸை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "ஊர்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "சொல்லுதாங்க" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது, "டெல்மா வருவா. போயிராதீங்க" என்றார்.

ஜனவரி 31

நாளைக் காலை பஸ். பெட்டியைக் கட்டி முடித்த நேரம், சாயங்காலம் நாலரை மணி இருக்கும், டெல்மா வந்தாள். இந்த முறை நான் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். எப்பம் தெரியும் உங்களுக்கு? சேறு எங்க பாருக்கு வருதுன்னு?"

விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை. இந்த ஆய்வில்தான் தெரியவந்தது என்று சொல்லியிருந்தால் அவளால் மறுத்திருக்க முடியாது.

"ரெமி செத்த மறுநாள். பேப்பர்ல இருந்துச்சு. சேத்துல குழாய் மாட்டினதுன்னு போட்டிருந்தான். இந்த மாசம், இந்த இடம்னு பாத்ததும் தெரிஞ்சுது."

"அதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம்."

"ஆமா."

"அந்த ரெண்டு வருஷமும் நம்மாளுங்க எறங்குனாங்க."

"ஆமா."

அவள் அழவில்லை. கீழே ஏலக்கூடத்தில் யாரோ கூடைகளைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தோள்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ரெமி கேஸ மறுபடியும் தெறக்கச் சொல்லி மனு போடுதேன். கவனக்குறைவுங்கிறத எடுக்கணும். நீங்க எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க. அம்மா படிக்கணும்."

எழுதினேன். அரைப் பக்கம். அன்று அங்கே சேறு இருந்தது, அது துறைமுகம் கொட்டிய சேறு, அதை அங்கே கொண்டுவரும் நீரோட்டத்தை அளக்காமலே அளந்ததாக எழுதியவள் நான், கீழே இறங்கியவருக்குக் கண் தெரிந்திருக்க வழியில்லை, அவர் எந்தக் கவனக்குறைவும் செய்யவில்லை. தெரிந்த பிறகும் எச்சரிக்கை தரத் தவறினேன். பெயர், தேதி, கையெழுத்து.

டெல்மா வாங்கி, உதடசையப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள். தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"'தவறினேன்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"தவறல மேடம். மறைச்சீங்க."

'எச்சரிக்கை தரத் தவறினேன்' என்பதை அடித்தேன். மேலே 'மறைத்தேன்' என்று எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன்.